எந்த வருஷத்து ஏரி?

அக்டோபர் கடைசி வாரம். மாண்டனா மாநிலத்தில், க்ளேசியர் தேசியப் பூங்காவின் மேற்கு வாசலை ஒட்டி ஆப்கார் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மெக்டொனால்டு ஓடைமேல் உள்ள பாலத்தில் நானும் நண்பரும் நின்றுகொண்டிருந்தோம். வேறு யாரும் இல்லை. கீழே அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிந்த தண்ணீர். அதில் ஒரு மீன்கூட கண்ணில் படவில்லை.

"இதைப் பார்க்கவா மிசௌலாவிலேருந்து ரெண்டரை மணி நேரம் வண்டி ஓட்ட வச்சீங்க?" என்றார் நண்பர். குளிரில் அவர் மூக்கு சிவந்திருந்தது.

இல்லாத ஒன்றைப் பார்க்கத்தான் வந்தோம் என்று சொன்னேன். சினிமா வசனம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் நான் வந்த காரணம் நிஜமாகவே அதுதான்.

1981ஆம் வருஷ இலையுதிர்காலத்தில், இந்த ஓடையின் கரைமரங்களில் ஒரே நாளில் 639 வெண்தலைக் கழுகுகளை எண்ணியிருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியச் சின்னமான அதே கழுகுதான். டிடிடி பூச்சிமருந்தால் அது அருகிப்போய், நாட்டின் பல பகுதிகளில் ஒன்றைப் பார்த்தாலே பேப்பரில் போடுகிற காலம் அது. இங்கே மட்டும் அறுநூற்றுச் சொச்சம். கீழே தண்ணீர் தெரியாத அளவுக்குச் சிவப்பு மீன்கள். கரடிகளும் நீர்நாய்களும் நரிகளும் பங்குக்கு வந்தன. இதைப் பார்க்க ஒரே பருவத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் வந்து போனார்கள். எட்டே வருஷத்தில், 1989-ல், கழுகுக் கணக்கு 25. ஓடைக்கு முட்டையிட வந்த மீன்கள் சுமார் 50. நான்கு வருஷம் முன்னால் அதே மீன்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தன.

இதற்குக் காரணமாக யாரும் விஷம் கொட்டவில்லை. கண்மூடித்தனமாக வலைபோட்டு அரித்தெடுக்கவும் இல்லை. மீனுக்கு நல்ல சாப்பாடு போட வேண்டும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த மீன்களின் வீடு ஓடையல்ல, ஆற்றின் போக்கில் வெகுதூரம் கீழே இருக்கும் ஃப்ளாட்ஹெட் ஏரி. பனியுகப் பனிப்பாறைகள் விட்டுப்போன பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் அது. ஏறக்குறைய 45 கிலோமீட்டர் நீளம், 510 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதிகபட்ச ஆழம் 113 மீட்டர். கரையில் நின்று பார்த்தால் கடல்தான், உப்பு வாசனை மட்டும் இல்லை.

ஏரியின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுகிறது. 1855 ஜூலையில் ஹெல்கேட் என்ற இடத்தில் சேலிஷ், மேல் பெண்ட் டோரே, கூட்டனாய் மக்களோடு ஐசக் ஸ்டீவன்ஸ் என்ற ஆளுநர் ஓர் ஒப்பந்தம் போட்டார். பிரம்மாண்டமான நிலப்பரப்பை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு, மிச்சமாக ஒரு துண்டை ஒதுக்கிக் கொடுத்த ஒப்பந்தம். அந்தத் துண்டின் வட எல்லை, ஏரியின் வட முனைக்கும் தென் முனைக்கும் சரிபாதியில். ஆக தென்பாதி பழங்குடிகளுக்கு, வடபாதி பிற்பாடு மாநிலமாக ஆன மாண்டனாவுக்கு. ஒதுக்கப்பட்ட நிலத்தின் ஓடைகளில் மீன்பிடிக்கும் தனியுரிமையும், வெளியே வழக்கமாகப் பிடித்துவந்த இடங்களில் மற்றவர்களோடு சேர்ந்து பிடிக்கும் உரிமையும் அந்தக் காகிதத்திலேயே எழுதப்பட்டிருந்தன. எழுதியதை நிலைநாட்ட நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1910-ல் அந்த ஒதுக்கப்பட்ட நிலத்தையும் வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். தென்பாதி ஏரியின் அடித்தளம் பழங்குடிகளின் உடைமைதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982-ல் சொன்னது. ஏரிக்குள் எல்லாம் தலைகீழாகப் புரண்டுகொண்டிருந்த சமயம் அது. மீனுக்கு இந்தக் கோடு தெரியாது என்பதுதான் பின்னால் வரும் தகராறுக்கெல்லாம் மூலம்.

இந்த மக்கள் பிடித்த மீன்களில் பெரியது புல் டிரவுட். (நம்ம ஊர்ப் புல் இல்லை, காளை என்ற அர்த்தத்தில் வரும் 'புல்'. பெரிய தலை.) ஏரியில் வளர்ந்து, முட்டையிட மலை ஓடைகளில் வெகுதூரம் ஏறும் மீன், சில கனடா எல்லைக்கு அப்பால்கூடப் போகும். வேட்டை பொய்த்த குளிர்காலங்களில் வயிறு காத்தது அதுதான். வெள்ளைக்காரர்களுக்கு அதன்மேல் பெரிய மரியாதை எதுவும் இருக்கவில்லை. மற்ற மீனைத் தின்னும் முரடு என்று ஒதுக்கினார்கள். அது தனி இனம் என்றே 1978-ல்தான் விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது. அதுவரை டாலி வார்டன் என்ற வேறொரு மீனின் கணக்கில் அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

ரயில் வந்ததும் மீனும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க அரசுக்கு ஒரு மீன் ஆணையம் இருந்தது. தண்ணீர்த் தொட்டிகள் வைத்த ரயில் பெட்டிகளில் கிழக்கத்தி மீன்களை மேற்கே கொண்டுவந்து, கண்ட தண்ணீரிலெல்லாம் விடுவதை நாட்டுத் தொண்டாகவே செய்தார்கள். அப்படி ஃப்ளாட்ஹெட்டுக்கு 1905-ல் ஏரி டிரவுட் வந்தது. ஆழத்தில் வாழும், மெதுவாக வளரும், பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும் வேட்டை மீன். 1916-ல் கொகானி வந்தது. இது கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கும் ஒருவகைச் சிவப்புச் சால்மன், முழங்கை நீளம்கூட இருக்காது. ஏரியின் மேல்தண்ணீரில் மிதக்கும் டாஃப்னியா போன்ற நுண்ணுயிர்களைப் பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் பொறுக்கித் தின்னும்.

கொகானிக்கு ஏரி பிடித்துப்போயிற்று. 1930களிலேயே மெக்டொனால்டு ஓடையில் கூட்டம் கூட்டமாக முட்டையிட வந்தது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் குடும்பத்தோடு போய்ப் பிடித்து, புகைபோட்டு, பாட்டிலில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஏரி டிரவுட்? அறுபது எழுபது வருஷம் அது அடியாழத்தில் சொற்பமாகக் கிடந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை, பெரிதாகக் கண்டுகொள்ளவும் இல்லை.

எங்கள் ஊர்க் கண்மாயில் ஜிலேபிக் கெண்டைதான் பிரதானம். சின்ன வயசில் தூண்டிலில் முதலில் மாட்டியது அதுதான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-ல்தான் இந்தியாவுக்கு வந்தது என்று படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். "போடா, அது நம்ம கண்மாய் மீனு" என்றார். ஃப்ளாட்ஹெட்காரர்களுக்குக் கொகானி அந்த மாதிரி. அவர்கள் தாத்தா பிடித்த மீன், ஆகவே அது அந்த ஏரியின் மீன்.

இனி இறால் கதைக்கு வர வேண்டும்.

மாண்டனாவுக்கு வடக்கே கனடாவில் கூட்டனே என்று இன்னொரு நீண்ட, ஆழமான ஏரி. 1949-ல் பீட்டர் லார்கின் என்ற இளம் மீனியலாளர் அதில் மைசிஸ் என்ற குட்டி இறாலை விட்டார். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், உடம்பு கண்ணாடி, கண் மட்டும் கறுப்புப் பொட்டு. பனியுகம் முடிந்தபோது வடக்கத்தி ஆழ் ஏரிகள் சிலவற்றில் தங்கிப்போன உயிரி அது. ரெயின்போ டிரவுட் பூச்சி தின்னும் பருவத்திலிருந்து மீன் தின்னும் பருவத்துக்கு வளர நடுவில் ஒரு தீனி வேண்டும், அதற்கு இது உதவும் என்பது அவர் எண்ணம். ரெயின்போவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 1960களில் அந்த ஏரியின் மேற்குக் கிளையில் கொகானி மூன்று நான்கு கிலோவுக்கு ஊத ஆரம்பித்தது. அரைக்கிலோ மீன் நான்கு கிலோ ஆனால் எந்த மீன்துறை சும்மா இருக்கும்? அங்கிருந்து வட அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவியாவிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளில் இறாலைக் கொட்டினார்கள்.

கூட்டனேயில் அது ஏன் பலித்தது என்று யாரும் நிதானமாகக் கேட்கவில்லை. மைசிஸ் இராத்திரி ராஜா. பகலெல்லாம் வெளிச்சம் எட்டாத ஆழத்தில் பதுங்கியிருக்கும். இருட்டியதும் மேலே ஏறி டாஃப்னியாவை வேட்டையாடும். விடியுமுன் மறுபடி இறங்கிவிடும். பகலில் மேல்தண்ணீரில் கண்ணால் தேடும் கொகானிக்கும் இதற்கும் சந்திப்பே கிடையாது. கூட்டனேயின் மேற்குக் கிளை மட்டும் விதிவிலக்கு. பெரிய ஏரியின் தண்ணீர் அங்கே ஓர் ஆழமில்லாத வாசற்படியைத் தாண்டி வெளியேறுகிறது. மேலே வந்த இறால்களை அந்த ஓட்டம் வாரிக்கொண்டு வந்து, விடிந்தபிறகு ஒளிய ஆழமே இல்லாத இடத்தில் போட்டுவிடும். கொகானிக்குக் காலைப் பந்தி. அந்த வாசற்படி இல்லாத ஏரியில் இறால் தீனி ஆகாது. கொகானியின் தட்டிலேயே கைவைக்கிற பங்காளி ஆகும்.

லார்கின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பின்னாளில் அவர் பேராசிரியராகி, மீனியலாளர்கள் வேதம்போல ஓதிக்கொண்டிருந்த 'அதிகபட்ச நிலைத்த விளைச்சல்' என்ற கருத்துக்கு 1977-ல் கல்லறை வாசகம் எழுதியவர். தன் துறையைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த மனிதர். எனக்குக் கோபம் வேறிடத்தில். கலிபோர்னியா எல்லையில் இருக்கும் டாஹோ ஏரியிலும் 1960களின் நடுவில் இறாலை விட்டிருந்தார்கள். சில வருஷங்களில் அங்கே டாஃப்னியா காணாமல் போயிற்று. டாஃப்னியாவெல்லாம் எங்கே போயின என்று தலைப்பிலேயே கேட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை 1975-ல் வந்தது. மாண்டனா மீன்துறை ஃப்ளாட்ஹெட்டுக்கு மேலேயுள்ள ஏரிகளில் இறால் விட்டதும் ஏறக்குறைய 1968க்கும் 1975க்கும் இடையில்தான். ஃப்ளாட்ஹெட்டில் அவர்கள் நேராக விடவில்லை, உண்மை. ஆனால் ஓடைகள் கீழேதான் ஓடும்.

1981-ல் ஃப்ளாட்ஹெட் ஏரியில் முதல் மைசிஸ் வலையில் வந்தது. ஆமாம், அதே 1981. பாலத்தில் நின்று 639 கழுகுகளை எண்ணி ஜனங்கள் குதூகலித்த வருஷம்தான்.

1986-ல் ஏரியின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 130 இறால். டாஃப்னியா வகைகள் சரிந்தன. தூண்டில்காரர்கள் 1985 வரை வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொகானி பிடித்திருந்தார்கள். 1987-ல் சில நூறு, 1988-ல் ஒன்றுமில்லை.

அப்போதுகூடப் பலரும் முதலில் குற்றம் சாட்டியது அணைகளை. அது அபாண்டமும் இல்லை. ஏரி வாயிலில் 1938-ல் கட்டிய கெர் அணை நீர்மட்டத்தை மூன்று மீட்டர் அளவுக்கு ஏற்றி இறக்கியது. குளிர்காலத்தில் இறக்கும்போது கரையோரம் இட்ட முட்டைகள் காய்ந்தன. மேலே ஹங்ரி ஹார்ஸ் அணை 1953-ல் ஓர் ஆற்றுக்கிளையையே அடைத்து, புல் டிரவுட்டின் முட்டையிடும் ஓடைகள் பலவற்றைத் துண்டித்தது. மின்சாரத் தேவைக்கேற்ப ஆறு ஏறுவதும் இறங்குவதும் கொகானி முட்டைகளைக் கொல்கிறது என்று கண்டு, 1980களின் தொடக்கத்தில்தான் நீர்விடும் முறையை மாற்றச் செய்திருந்தார்கள். வருஷக்கணக்காகப் போராடி ஆற்றைச் சரிசெய்த நேரத்தில் ஏரிக்குள் மீன் காலி. அந்த ஆய்வாளர்களின் நிலைமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இன்னொரு திருப்பமும் இருந்தது. இறால் பகலில் எங்கே ஒளிகிறதோ அங்கேதான் ஏரி டிரவுட் இருக்கிறது. அதுவரை ஏரி டிரவுட் குஞ்சுகளுக்கு ஆழத்தில் தின்ன அதிகம் இல்லை; அதனால்தான் எண்ணிக்கை கட்டுக்குள் இருந்தது. இப்போது வாசலிலேயே சமையல்கட்டு. குஞ்சுகள் பிழைத்தன, பெருகின, வளர்ந்தன. வளர்ந்தபின் மீன் தின்ன ஆரம்பித்தன. பட்டினியில் இளைத்திருந்த கொகானியைத் துடைத்தெடுத்தன. அடுத்தது புல் டிரவுட். 1998-ல் அது அமெரிக்க அரசின் அழிவபாயப் பட்டியலில் ஏறியது.

1993-லிருந்து ஐந்து வருஷம், பண்ணையில் வளர்த்த கொகானிக் குஞ்சுகளை லட்சக்கணக்கில் மறுபடி ஏரியில் விட்டுப் பார்த்தார்கள். பெரும்பகுதி ஏரி டிரவுட் வயிற்றுக்குள் போயிற்று. திட்டத்தை மூடினார்கள்.

யெல்லோ பேயில் மாண்டனா பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் 1899-லிருந்து இந்த ஏரியைக் கவனித்து வருகிறது. இத்தனையும் இவ்வளவு துல்லியமாக நமக்குத் தெரிவது அந்த மாதிரி ஆட்கள் வருஷா வருஷம் தண்ணீர் மொண்டு, சலித்து, எண்ணி வைத்ததால்தான். ஆனால் எண்ணிக்கை சொல்லாத ஒரு கேள்வி உண்டு. சரி, ஏரியைப் பழையபடி ஆக்கலாம் என்றால், எந்தப் பழையபடி?

ஆப்காரில் கடை வைத்திருந்தவருக்கு 1981 வேண்டும். ஆனால் அந்தக் கொகானியே ரயில் காலத்தில் வந்த விருந்தாளி. பழங்குடி மன்றத்துக்கு 1855-க்கு முந்தைய ஏரி வேண்டும். புல் டிரவுட்டும், அதோடு வாழ்ந்த வெட்டுக்கழுத்து டிரவுட்டும். வடபாதியில் படகு வாடகைக்கு விட்டு, பெரிய ஏரி டிரவுட் பிடிக்க வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போகும் படகுக்காரருக்கு இன்றைய ஏரியே போதும். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் பிள்ளைகள் வளர்ந்ததும் இந்த மீனோடுதான்.

2000-ல் மாநிலமும் பழங்குடி மன்றமும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. ஏரி டிரவுட்டைத் தூண்டில் மூலமாகவே குறைப்பது என்று ஏற்பாடு. 2002-லிருந்து பழங்குடி மன்றம் 'மேக் டேஸ்' என்ற போட்டியை நடத்துகிறது (மேக் என்பது ஏரி டிரவுட்டின் இன்னொரு பெயரான மாக்கினாவின் சுருக்கம்). நிறையப் பிடித்தவருக்குப் பரிசு. அடையாளச் சீட்டு குத்தப்பட்ட மீன் அகப்பட்டால் ஆயிரக்கணக்கில் டாலர். ஒருவர் நாளொன்றுக்கு நூறு ஏரி டிரவுட் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது ஏரியின் விதி. கூடவே இன்னொரு விதி: 30 அங்குலத்திலிருந்து 36 அங்குலம்வரை உள்ளவற்றைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். கோப்பை மீன் பிடிக்க வருகிறவர்களுக்காக. பெருகிவிட்டது, கொல்லுங்கள், ஆனால் அதிகமாக முட்டையிடும் பெரிய தாய்களைத் தொடாதீர்கள். ஒரே அட்டையில் இரண்டு ஏரிகள் அச்சடிக்கப்பட்டிருக்கின்றன. படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த தூண்டில்காரர் ஒருமாதிரி பார்த்தார்.

தூண்டில் போதவில்லை. 2014-ல் பழங்குடி மன்றம் செவுள் வலை போட ஆரம்பித்தது. மாநிலத் துறை ஒத்துக்கொள்ளவில்லை. வலையில் புல் டிரவுட்டும் மாட்டிச் சாகுமே என்றார்கள், சேர்ந்து போட்ட திட்டம் என்ன ஆனது என்றார்கள். இரண்டுமே வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாத கேள்விகள்தான். ஆனாலும் ஒன்று எனக்குப் படுகிறது. இந்த ஏரியில் இதுவரை மீனைக் கொண்டுவந்து விட்ட யாரும் தென்பாதிக்காரர்களிடம் சம்மதம் கேட்டுச் செய்யவில்லை. 1905-ல் கேட்கவில்லை, 1916-ல் கேட்கவில்லை, இறாலுக்கும் கேட்கவில்லை. வெளியே எடுப்பதற்கு மட்டும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது விசித்திரமான நியாயம்.

இதே ஏரி டிரவுட், கிழக்கே தன் சொந்த ஊரான பேரேரிகளில், கடலிலிருந்து ஏறிவந்த லாம்ப்ரே என்ற ரத்தம் உறிஞ்சியால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய அழிந்தது. அங்கே அதை மீட்கப் பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். இங்கே அதைக் குறைக்கச் செலவழிக்கிறார்கள். கூட்டனே ஏரிக்கோ 1992-லிருந்து வருஷா வருஷம் படகில் போய் உரம் போடுகிறார்கள், வயலுக்குப் போடுவது போல. மேலே கட்டிய அணைகள் சத்தைப் பிடித்துக்கொண்டதில் ஏரி மெலிந்துவிட்டதாம். கை வைத்த பிறகு கையை எடுக்க முடிவதில்லை.

ஃப்ளாட்ஹெட்டில் இறாலைத் திரும்ப எடுக்க இதுவரை வழி இல்லை. அது இருக்கும்வரை ஏரி டிரவுட் குஞ்சுக்குச் சாப்பாடு உண்டு. ஆகவே வலை நின்ற நாளிலிருந்து மறுபடி பெருகும். வலைப்படகில் இருப்பவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு பருவமும் போகிறார்கள்.

வலையில் வரும் மீனைப் பழங்குடி மன்றம் வீணாக்குவதில்லை. அதற்கென லாபநோக்கற்ற ஓர் அமைப்பு வைத்து, சுத்தம் செய்து, கடைகளுக்கு விற்கிறார்கள். திரும்பும் வழியில் நண்பர் அப்படி ஒரு பாக்கெட் வாங்கினார். சின்ன மீனாகப் பார்த்து எடுத்தார். பெரியதில் பாதரசம் சேர்ந்திருக்கும், அடிக்கடி சாப்பிடக் கூடாது என்று இங்கே அறிவுறுத்தல் உண்டு.

அன்று இரவு மிசௌலாவில் அவர் மனைவி புளி கரைத்து, மண்சட்டி இல்லாததால் இரும்புச் சட்டியில் குழம்பு வைத்தார். ஏரி டிரவுட்டில் கொழுப்பு அதிகம், குழம்பின் மேல் எண்ணெய் மிதந்தது. "நம்ம மத்தி மாதிரி இருக்குல்ல?" என்றார் அவர். இருந்தது. நண்பர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே, "எல்லாரும் சேர்ந்து இதைத் தின்னே தீர்த்துட்டா என்ன?" என்று கேட்டார்.

"நூத்துப் பதிமூணு மீட்டர் ஆழம்" என்றேன்.

"அப்ப இன்னொரு துண்டு போட்டுக்கோங்க" என்று கரண்டியை நீட்டினார் அவர் மனைவி.